குழாயில்லாத மீன்கடை

போன செவ்வாய்க்கிழமை காலை, ஸ்டெல்லா அக்கா தன் புத்தம்புதுக் கடைக்குள் நின்று குழாயைத் தேடிக்கொண்டிருந்தார்.

ராயபுரம் பக்கம் எங்கள் ஏரியா மார்க்கெட்டை இடித்துக் கட்டும் கதையை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை புலம்பியிருப்பேன்! 'ஆறே மாசம்... அதுவரைக்கும் ரோட்டோரமா உட்காருங்க' என்றார்கள். ஏழு வருஷம் ஆனது. கான்ட்ராக்டர் மாறினார். டிசைன் மாறியது. கண்ணாடிக் கூரை தகரக் கூரையானது. லிஃப்ட் வரும் என்று விட்ட குழியில் இப்போது ஒரு பூனை குடும்பம் நடத்துகிறது. வாசலில் வைத்த பெரிய போர்டில் திறப்புத் தேதி மேல் ஒரு ஸ்டிக்கர், அதன் மேல் இன்னொரு ஸ்டிக்கர்... கடைசியில் வெயிலில் போர்டே வெளுத்துப்போனது.

அந்த ஏழு வருஷமும் ஸ்டெல்லா அக்கா தார்ப்பாய்க்குக் கீழேதான். விடியற்காலையில் காசிமேடு ஏலத்தில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்து, சாக்கடை மூடி மேல் பலகை போட்டு விற்பார். மழை பெய்தால் பலகை வரை கறுப்புத் தண்ணீர். வெயில் அடித்தால் லாரிப் புழுதி. முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. டாக்டரிடம் போகச் சொன்னால், 'கட்டடம் தொறக்கட்டும் தம்பி, அப்பால பாத்துக்கலாம்' என்பார். எதைச் சொன்னாலும் அதே பதில்தான்.

கட்டடம் திறந்தது. செவ்வாய்க்கிழமை சாவி கொடுத்தார்கள். துணைக்கு அக்கா என்னையும் கூப்பிட்டிருந்தார்.

ஷட்டரைத் தூக்கினோம். உள்ளே வெள்ளை டைல்ஸ், ட்யூப் லைட். அக்கா சுவரை ஒரு தரம் தடவிப் பார்த்தார். "சோக்காத்தான் கீது" என்றார். அப்புறம் திண்டுக்குக் கீழே குனிந்து பார்த்தார். மூலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கொயா எங்க தம்பி?"

நானும் தேடினேன். குழாய் இல்லை. தரையில் தண்ணீர் போக ஓட்டையும் இல்லை. பக்கத்துக் கடையில் எட்டிப் பார்த்தேன்... அங்கேயும் இல்லை. வரிசையாகப் பதினேழு கடைகள். ஒன்றில்கூட இல்லை!

மீன்கடையில் தண்ணீர் இல்லாமல் என்ன செய்வது? செதில் உரித்த மீனை எதில் அலசுவது? அரிவாள்மணையை எப்படிக் கழுவுவது? ஐஸ் உருகி வழிந்தால் எங்கே போகும்? போதாததற்குச் சுவரில் அழகான எழுத்தில் ஓர் அறிவிப்பு — 'ஈரப் பொருள் வியாபாரம் கண்டிப்பாகக் கூடாது'.

எனக்கு மண்டை சூடாகிவிட்டது. நேரே கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் அம்மாவிடம் போனேன். சின்ன வயசு, கோயம்புத்தூர் பக்கம், பொறுப்புக்கு வந்து நாலு மாசம்தான் ஆகிறதாம். அதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. "ஏசி ரூமில் உட்கார்ந்து கோடு போட்டால் இப்படித்தான் ஆகும்! ஒருநாளாவது மீன் மார்க்கெட்டுக்குள் கால் வைத்திருப்பீர்களா?" என்று பத்து பேர் பார்க்கக் கத்தினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "சார், அது மீன்கடை இல்லையே. கருவாட்டுக் கடை."

"யார் சொன்னது?"

ஃபைலைத் திறந்து ஒரு ஃபாரத்தைக் காட்டினார். பெயர் — ஸ்டெல்லா. தற்போது விற்கும் பொருள் — கருவாடு. கீழே அக்காவின் கோணல்மாணல் கையெழுத்து.

'கருவாடு' என்ற எழுத்து மட்டும் முத்துமுத்தாக இருந்தது. 'டு'வின் வால் கொஞ்சம் ஸ்டைலாகச் சுழிந்திருந்தது. அப்படிச் சுழிக்கிற ஒரே ஆளை எனக்குத் தெரியும்.

நான்தான்!

ஏழு வருஷத்துக்கு முந்தைய மே மாசம் மளமளவென்று ஞாபகம் வந்தது. கடைக் கணக்கெடுக்க வந்திருந்தார்கள். 'பத்திரிகைல எய்துறவன் நீதான, நீயே எய்திக் குடு' என்று மீன் விற்கும் பெண்கள் கேட்டார்கள். எனக்கும் பெருமைதான். டீக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து பதினேழு ஃபாரத்தையும் நானே நிரப்பினேன்.

மே மாசம்... மீன்பிடித் தடைக்காலம். மீன் முட்டையிடும் பருவம் என்று ஏப்ரல் நடுவிலிருந்து இரண்டு மாசத்துக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சின்னப் படகுகள் கொண்டுவரும் கொஞ்ச மீனும் யானை விலை. அந்த இரண்டு மாசமும் இந்தப் பெண்கள் கருவாடு விற்றுத்தான் பிழைப்பார்கள். 'அக்கா, இப்ப என்ன விக்கிறீங்க?' என்று கேட்டேன். 'கருவாடுதான், கண்ணு தெர்லயா?' என்றார். மற்ற பதினாறு பேரும் அதையேதான் சொன்னார்கள். எழுதினேன்.

ஃபாரம் 'தற்போது' என்று கேட்டது. அக்கா உண்மையைச் சொன்னார். நான் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினேன். யாருமே பொய் சொல்லவில்லை!

வெளியூர் இன்ஜினியருக்குத் தடைக்காலம் தெரியாது, சரி. எனக்குமா தெரியாது? பிறந்ததிலிருந்து இந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறேன். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்புதான். ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்தபோது என் கவனமெல்லாம் கையெழுத்து அழகாக வருகிறதா என்பதில்தான் இருந்தது. தாமதம், அலட்சியம், அக்கறையின்மை என்று இதே பக்கத்தில் ஊரையே திட்டியிருக்கிறேன். அத்தனை நாளும் என் அலட்சியம் ஃபைலுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

அக்காவிடம் சொல்லித்தானே ஆகவேண்டும்? சொன்னேன்.

"நீ எய்துனதா?"

"ஆமாக்கா."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். அவர் ஷட்டர் படியில் மெதுவாக உட்கார்ந்தார். "நாந்தான சொன்னேன் கருவாடுன்னு..." என்றார். அப்புறம், "மறுபடியும் ரோட்டுக்கா தம்பி? முட்டி தாங்காதே... மாதாவே" என்றார். ஏழு வருஷத்தில் அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

இன்ஜினியர் அம்மா நல்ல மனுஷி. நான் கத்தியதை மறந்துவிட்டு எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். "மாத்தலாம்மா. தரையை உடைச்சு லைன் போடணும். அதுக்கு மறுபடி கணக்கெடுக்கணும். நேர்ல வந்து, கடையில என்ன இருக்கோ அதைப் பார்த்து எழுதுவாங்க. தேதிகூட மேலேருந்து வந்தாச்சு" என்று மொபைலைப் பார்த்தார்.

"மே முதல் வாரம்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்காதான் தடைக்காலத்தை விளக்கினார். "ரெண்டு மாசமா?" என்று அந்தப் பெண் அதிர்ந்துபோனார். "தேதியை மாத்தக் கேட்டுப் பார்க்கிறேன், ஆனா அது என் கையில இல்லை" என்றார்.

அதுவரை? அதே தார்ப்பாய்தான்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்து எழுந்தார்.

"வரட்டும். சின்னப் படகு போய்க்கினுதான கீது? இன்னா வெல சொன்னாலும் அன்னிக்கு ஒரு கூடை சங்கரா மீனு வாங்கினு வந்து, தண்ணி ஊத்தி ஊத்தி வெட்றேன். நல்லா பாத்து எய்திக்கட்டும்."

"நானும் வரட்டுமாக்கா?"

"வா, தண்ணி தூக்க ஆள் வோணும்" என்றார். "பேனாவ மட்டும் வூட்ல வெச்சுட்டு வா."