மைதீன் விற்காத நீலக் குப்பி

மைதீன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் கடையில் நீலக் குப்பிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பெட்ரோல் டாங்கில் ஊற்றினால் எஞ்சின் சுத்தமாகும், மைலேஜ் கூடும் என்று சொல்லி விற்கிற குப்பிகள். காய்ச்சல் என்று இரண்டு நாளாக அவர் வரவில்லை. எதிரே அவருடைய ஒர்க்‌ஷாப் பூட்டிக் கிடந்தது. அவருடைய மகள் நஸீமா ஃபோன் செய்தாள். "மணி மாமா, வாப்பா மௌத்தாயிட்டாங்க" என்றாள். அவர் இந்த உலகத்தில் மிகவும் அருவருத்த பொருளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நான் அவருடைய சாவைக் கேட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லவேண்டியது இதைவிடக் கேவலமானது.

கொச்சி மட்டாஞ்சேரியில், பஜார் ரோட்டிலிருந்து காயல் பக்கம் இறங்குகிற எங்கள் சந்தில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. பெட்ரோல் டாங்க், குழாய், இன்ஜெக்டர் இவைதான் அவர் தொழில். வேறு வேலைக்கு வண்டியைக் கொண்டுவந்தால் வேறு ஆளைக் காட்டி அனுப்பிவிடுவார். நான் எதிரே உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பேர் குடும்பமும் தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவை. அதனால் இருபத்திரண்டு வருஷமாக நாங்கள் ஒருவரையொருவர் 'வே' போட்டுத்தான் பேசிக்கொண்டோம். மற்றவர்களுக்கு அவர் மைதீனிக்கா.

அவருக்கு அழுக்கு ஆகாது. மெக்கானிக்குக்கு அழுக்கு ஆகாது என்றால் சிரிப்பீர்கள். கையில் படுகிற கரியை அவர் பொருட்படுத்த மாட்டார். எண்ணெயில் இருக்கிற அழுக்குதான் அவருக்குப் பொறுக்காது. ஒரு மழைக்காலத்தில் போர்ட் கொச்சி டாக்சி ஒன்று இருமிக்கொண்டே வந்து நின்றது. முந்தின நாள்தான் டாங்கை நிரப்பியதாக டிரைவர் சொன்னார். மைதீன் டாங்கிலிருந்து கொஞ்சம் இறக்கி ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் அடியில் கலங்கலாக ஒரு அடுக்கு தனியே பிரிந்து நின்றது. பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டியில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. அவர் அந்த ஜாடியைத் தூக்கிக்கொண்டு சந்து முழுக்க நடந்தார். சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் மூக்கருகே நீட்டி, "பாருங்கோ, காசு வாங்கிட்டு இதத்தான் அடிச்சு விட்டுருக்கான். சீ!" என்றார். ஒருவர் சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

"நல்ல எண்ணெய்ன்னா சுத்தமான எண்ணெய், வே. வெல கூடுன எண்ணெய் இல்ல" என்பது அவர் அடிக்கடி சொல்வது. வண்டிக்கு வேண்டாத உயர்ந்த ரகப் பெட்ரோலை மைலேஜ் ஆசையில் அடிக்கிறவர்களைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அதை எந்தக் குப்பியும் திருப்பித் தராது என்றும் சொல்வார். இதையெல்லாம் எதிர்க்கடையில் நின்று கேட்டுக்கொண்டே நான் நீலக் குப்பி விற்றேன்.

ஒருநாள் நான் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "ஊத்துனவங்க எல்லாம் மைலேஜ் கூடுதுன்னுதான சொல்லுதாங்க" என்றேன். அவர் வாதாடவில்லை. "உம்ம காரையே எடும்" என்றார். அடுத்த இரண்டு வாரம் விடியற்காலையில் என் பழைய காரில் நாங்கள் போனதும் வந்ததும் ஒரு கூத்து. ஒரே பங்க், ஒரே பம்ப், டாங்கின் வாய்வரை நிரப்புவோம். தோப்பும்படி, குண்டன்னூர் வழியாகத் திருப்பூணித்துறை. அங்கே ஒரு சாயா. வந்த வழியே திரும்பி, அதே பம்பில் மறுபடி வாய்வரை நிரப்பி, எவ்வளவு பிடித்தது என்று பார்ப்பார். ஏசி போடக்கூடாது. டயரில் காற்று ஒரே அளவு. முதல் வாரம் குப்பி இல்லாமல், இரண்டாம் வாரம் குப்பி ஊற்றி. குண்டன்னூர் சிக்னலில் ஒருநாள் கூடுதலாக நின்றால் எவ்வளவு வித்தியாசம் வருமோ, குப்பி ஊற்றியதற்கும் அவ்வளவுதான் வந்தது.

அதோடு விடவில்லை. பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தார். பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் லேசில் சுற்றவில்லை. அதைச் சரிசெய்து, மறுநாள் அதே வழியில் போய்வந்தோம். அன்றைக்குத்தான் மைலேஜ் கூடியது. "ரொம்ப நாள் ஓடாமக் கெடந்த பழைய வண்டி, இன்ஜெக்டர் அடைச்சிருந்தா, இந்தக் குப்பி கொஞ்சம் உதவும். நான் இல்லைங்கல. ஆனா போனதுதான் திரும்பும், வே. இல்லாதது வராது" என்றார். பிறகு காலிக் குப்பியைக் கன்னத்தருகே பிடித்து, பல்லெல்லாம் தெரிய இளித்து, "வெளம்பரத்துல வார மாதிரி ஒரு படம் எடும்!" என்றார். எடுத்தேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதற்குப் பிறகும் விற்றேன். கேட்டு வருகிறவனுக்குக் கொடுக்கிறேன், நானா கூவி விற்கிறேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எதிரிலிருந்து அவர் கண்ணில் படாதபடி குப்பிகளை உள் அலமாரிக்கு மாற்றினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அவருக்குத் தெரியாதா என்ன?

ஷைலா சேச்சியை உங்களில் பலருக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவர். "மணிச்சேட்டா, ஒரு குப்பி கூடி தா. வண்டி எண்ண குடிச்சு தீர்க்குன்னு" என்று மாதாமாதம் வருவார். ஒருமுறை, வேனுக்குள் பெட்ரோல் மணக்கிறது, பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்கள் என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? அது குப்பி மருந்தின் வாடை, இரண்டு நாளில் போய்விடும் என்றேன். எனக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த வாரமே மைதீன் சாயாக்கடை முன்னால் நின்ற வேனைக் கடந்து போகும்போது வாடை பிடித்து, அங்கேயே தரையில் படுத்துப் பார்த்திருக்கிறார். டாங்கிலிருந்து போகிற ரப்பர் குழாய் வெடித்துச் சொட்டிக்கொண்டிருந்தது. போன மைலேஜெல்லாம் ரோட்டில்தான் போயிருக்கிறது. ஒரு பொறி பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுதப்போவதில்லை. அந்தக் குழாயைக் கழற்றி எடுத்துவந்து என் மேஜைமேல் போட்டார். "மோந்து பாரும்" என்றார். மோந்தேன். "இன்னொருவாட்டி." மறுபடியும் மோந்தேன். "இதுதான் உம்ம மருந்து வாடையா? பிள்ளைகள ஏத்துற வண்டிவே!" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஜாடியில் கலங்கல் தண்ணீரைப் பார்த்தபோது இருந்த அதே அருவருப்பு. இந்தமுறை பார்த்தது என்னை. ஒரு மாதம் குப்பி விற்காமல் இருந்தேன். பிறகு குப்பிக் கம்பெனி ஏஜெண்ட் வந்து பல்லைக் காட்டியதும் மறுபடி வாங்கி வைத்தேன்.

அந்த ஏஜெண்ட் இடப்பள்ளிக்காரன். பெயர் ரெஜி. மைதீன் இறந்த அன்று முற்பகலிலேயே ஃபோன் செய்தான். "சேட்டா, மைதீனிக்காயுடெ நல்லொரு போட்டோ உண்டோ? பிளெக்ஸ் அடிக்கணும்" என்றான். நம் ஊரில் ஒருவர் கண்ணை மூடினால், அடக்கம் ஆவதற்குள் சந்திக்குச் சந்தி 'ஆதராஞ்சலிகள்' என்று பிளெக்ஸ் எழுந்துவிடும். வழக்கம்தானே என்று நினைத்தேன். அவர் படத்துக்கு நிற்கிற ஆள் இல்லை. என் ஃபோனில் இருந்தது ஒன்றே ஒன்று. கண்ணில் தண்ணீர் நிற்காத நேரத்தில், எதையும் யோசிக்காமல், அதை அனுப்பிவைத்தேன்.

மாலையில் அடக்கம் முடிந்து பள்ளிவாசலிலிருந்து நடந்து வந்தோம். சந்து முனையில் ஆள் உயரத்துக்கு மைதீன் நின்றார். கன்னத்தருகே நீலக் குப்பி. வாய் நிறைய இளிப்பு. மேலே ஆதராஞ்சலிகள். கீழே அதைவிடப் பெரிய எழுத்தில், எஞ்சினை அறிந்தவரின் தேர்வு என்று மலையாளத்தில் ஒரு வரி. அதற்கும் கீழே ஏஜென்சியின் ஃபோன் நம்பர். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கபறு மண் காய்வதற்குள் பிடுங்குகிறவனை அன்றுதான் பார்த்தேன். ரெஜியைக் கூப்பிட்டுக் கத்தினேன். "சேட்டன் தன்னெ அல்லே போட்டோ தந்நது?" என்று நிதானமாகக் கேட்டான். நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து அதைக் கிழித்து இறக்கினோம். அதற்குள் படம் ஊரில் எல்லார் ஃபோனிலும் ஏறிவிட்டது.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி ரஹ்மத் மைனி ஃபோனில் அந்தப் படத்தை எடுத்துக் காட்டினார். "தம்பி, அவுக இத வித்துக்கிட்டா இருந்தாங்க? எங்கிட்ட இதப்பத்தி வேற மாதிரில்ல சொல்லுவாங்க. ஊருக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணா?" என்று கேட்டார். புருஷனை இழந்தவர், அவருடைய நேர்மையையும் சேர்த்து இழக்கிற இடத்தில் நின்று கேட்டார். அப்போதுகூட நான், "அந்த ஏஜெண்ட் பய எங்கேயோ படத்தத் திருடிட்டான், மைனி" என்றுதான் சொன்னேன். பாதிப் பழியை இன்னொருவன் தலையில் போட்டுவிட்டுச் சாயாவும் குடித்துவிட்டு வந்தேன். என்னைப் போல் ஒரு ஈனப்பிறவி உண்டா?

ஒரு வாரம் தாங்கினேன். பிறகு மைனியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சோதனை, விளையாட்டுக்கு எடுத்த படம், நான் அனுப்பியது, ஷைலா சேச்சியின் வேன், உள் அலமாரி, எதையும் விடவில்லை. கடைசியில் அவர், "படம் நீங்க எடுத்ததுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும், தம்பி" என்றார். எப்படி என்று கேட்டேன். "அவுக அப்படிச் சிரிக்கிறது உங்ககிட்ட மட்டுந்தான். நீங்களா சொல்லுவீங்களான்னு பாத்தேன்" என்றார். எனக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது.

மைதீனை அறிந்தவர்களே, அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் இதையும் அறிந்துகொள்ளுங்கள். அவர் அந்தக் குப்பியை விற்றதில்லை, எவருக்கும் சிபாரிசு செய்ததில்லை. விற்றவன் நான். கடையில் இருந்த மிச்சக் குப்பிகளை ரெஜியின் வாசலில் இறக்கிவிட்டேன். ஆனாலும் வாரத்துக்கு ஒருவராவது, "மைதீனிக்கா பறஞ்ஞ குப்பி உண்டோ?" என்று கேட்டு வருகிறார்கள். அவர் சொன்ன குப்பியாம். டயரில் காற்றைப் பார், பிரேக் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா பார், டாங்கில் தண்ணீர் இருக்கிறதா பார், குழாயை மோந்து பார் என்று சொல்லி அனுப்புகிறேன். நேற்று வந்தவர் விடவில்லை. படத்தை ஃபோனில் எடுத்துக் காட்டி, மைதீனிக்காவே கையில் பிடித்திருக்கிறாரே என்றார். "அவருக்கு இதைக் கண்டாலே அருவருப்பு" என்றேன். வந்தவர் என் அலமாரியை ஒருமுறை பார்த்துவிட்டு, "சேட்டனோ?" என்று கேட்டார்.

"எனக்கும்தான்" என்றேன். மைதீனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அருவருப்பு. அவர் உயிரோடு இருந்தபோதே எனக்கு வந்திருக்கவேண்டியது.