ஐந்தாம் நாள் துணி

"கையத் தூக்குய்யா, கையத் தூக்கு" என்று சட்டையை அதட்டிக்கொண்டே அதன் அக்குளில் சோப்பைத் தேய்ப்பார் எர்மிலியோ. முழங்கால் ஆழத் தண்ணீரில் நிற்பார். வாய் ஓயாது. காலரைத் திருப்பி, "இதென்ன, கழுத்தா உழுத நிலமா?" என்பார். சட்டைக்கு உரியவர் அடக்கமாகி ஐந்து நாள் ஆகியிருக்கும். பதில் வராது. அதனால் அவரே இரண்டு பங்கும் பேசுவார்.

இந்தமுறை அந்தச் சட்டை என் அப்பாவுடையது.

எர்மிலியோவுக்கு அயகூச்சோ நகரத்துக்குப் போகும் மலைச்சாலையில் பஞ்சர் கடை. நகக்கண்ணில் டயர்க் கறுப்பு ஏறி நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அது போவது ஆற்றில் இறங்கும் நாளில் மட்டும். மறுநாள் வெளுத்த விரல்களோடு கடையைத் திறப்பார். லாரிக்காரர்கள் அவர் கையைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றுவார்கள். "இந்தத் தடவை யாரு?" என்பார்கள்.

பாதிரியாரின் மந்திரிப்பும் கல்லறைச் செபமும் உடலுக்கு. துணிக்கு எங்கள் ஊரில் தனி நாள் உண்டு. பிச்கா என்போம். எங்கள் மலைமொழியில் ஐந்து என்று பொருள். இறந்தவர் உடுத்தியது, விரித்தது, போர்த்தியது எல்லாம் மூட்டையாக ஆற்றுக்கு வரும். துவைத்து முடியும்வரை ஆத்துமா தன் சாமான்களைத் தேடி வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கும். முடிந்ததும் கிளம்பிவிடும். எட்டாம் நாள் பூசைக்கு அது இங்கே இருக்கக் கூடாது.

இந்த வேலையை எர்மிலியோவுக்கு யாரும் கொடுக்கவில்லை. அவருக்கு மணிக்கட்டு பலம். அழவும் மாட்டார். "டயர்ப் புகையில கண்ணு எப்பவோ காஞ்சிடுச்சு" என்பார்.

சிறுமியாக இருந்தபோது பாலத்துச் சுவரில் வயிற்றை அழுத்திக்கொண்டு அவரைப் பார்ப்பேன். துவைத்ததைக் கண்ட இடத்தில் காயப்போட மாட்டார். கரையோரத்து மஞ்சள்பூப் புதர்கள்மேல் ஒழுங்காக விரிப்பார். மேலே தொப்பி, அதன்கீழ் சட்டை, அப்புறம் கால்சட்டை, கடைசியில் காலுறை. பாலத்திலிருந்து பார்த்தால் ஓர் ஆள் பூமேல் மல்லாந்து படுத்து வெயில் காய்வதுபோல இருக்கும். அம்மா இறந்தபோது அவளுடைய ஐந்து பாவாடைகளும் அப்படித்தான் கிடந்தன. அப்பா ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வறுத்த சோளத்தை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தார். எர்மிலியோ தண்ணீரிலிருந்து கத்தினார்: "கொம்பாத்ரே! எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை!" அப்பா எர்மிலியோ மகளின் ஞானத்தகப்பன். அதனால் இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று முதல்முறையாக அப்பா சிரித்தார்.

எர்மிலியோவுக்கு ஒரே பயம், உயிரோடு இருப்பவரின் துணி மூட்டையில் கலந்துவிடுவது. அந்தத் தண்ணீரில் யார் துணி நனைந்தாலும் அவரும் இறந்தவர் கூடவே போய்விடுவார் என்பது நம்பிக்கை. சென்ற மழைக்காலத்தில் அப்படி ஆயிற்று. உதவ வந்த ஒரு மருமகன் கால்சட்டையைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு ஆற்றில் இறங்கியிருந்தான். இறந்த மாமனாருடையது என்று நினைத்து எர்மிலியோ அதையும் கல்லில் அடித்துவிட்டார். தெரிந்ததும் ஈரத்தோடு அதை மாட்டவைத்து, கோவில் தீர்த்தத் தொட்டிவரை அவனை ஓடவிட்டார். ஊரே பின்னால் ஓடியது. இப்போதும் அவனைப் பார்த்தால் கேட்பார்: "என்ன மாப்ள, சளிதானே புடிச்சுது? சாவு புடிக்கலையே?" அதன்பிறகு ஒவ்வொரு துணியையும் தூக்கிக் காட்டி, யாருடையது என்று கேட்டுவிட்டுத்தான் நனைக்கிறார்.

அப்பாவின் மூட்டையையும் அப்படித்தான் பிரித்தார். கடைசித் துணிவரை காட்டினார். பிறகு கரையேறி என்னிடம் வந்தார்.

"புள்ள, அந்தப் பழுப்பு ஸ்வெட்டர் எங்க?"

"தெரியல மாமா."

"பூசைக்கே அதைத்தான் போட்டுட்டு வருவான். சாமியார் எத்தனை தடவை திட்டியிருக்காரு!"

பெலாகியா அத்தை, அப்பாவின் தங்கை, சோளக் கூடைக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "யாராவது திருடியிருப்பாங்க."

"அதைத் திருடுறவனுக்குக் கண்ணு தெரியாதுன்னு அர்த்தம்."

அது என் உடம்பில் இருந்தது. மேலே என் கோட்டு, கழுத்துவரை பொத்தான் போட்டு. தலைநகர் லிமாவில் குடிநீர்க் குழாய்களின் அழுத்தம் பார்ப்பது என் வேலை. ஆத்துமா நடப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாசனை என்பது ஆவியாகும் பொருள். கம்பளியில் சில மாதம் தங்கும். காற்றுப் புகாமல் கட்டிவைத்தால் இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

எர்மிலியோ என் கழுத்தோரம் தெரிந்த பழுப்புக் கம்பளியைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். கால்களிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"வாசம் இருக்கா இன்னும்?" என்றார், அத்தைக்குக் கேட்காதபடி.

"இருக்கு."

"மரத்தூளா, சிகரெட்டா?"

"ரெண்டும்."

"ம்." கையின் ஈரத்தைத் தொடையில் துடைத்தார். "அதைத் தேடி வருவான் புள்ள."

"வரட்டும். அதுக்குத்தான் வச்சிருக்கேன்."

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்ததைக் கவனித்தேன். எர்மிலியோ சிரிக்கவில்லை.

"நீ லிமாவுக்கு எடுத்துட்டுப் போவே. அவனும் பின்னாலயே வரணும். அங்க அவனுக்கு வழி தெரியுமா? ஒரு தடவை வந்தானே, என்ன ஆச்சு? நீதானே சொன்னே."

சொன்னேன்தான். பேருந்து நிலையத்தில் அப்பா தவறான வாசலில் இறங்கிவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை. ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, நான் தேடிக் கண்டுபிடிக்கும்வரை நின்றார். மதியம் தாண்டிவிட்டது. இதே ஸ்வெட்டர், அந்த வெக்கையில். மடியில் கட்டிவந்த பாலாடைக்கட்டி உருகிக் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும், "எங்கயும் போகலம்மா, இங்கயேதான் இருந்தேன்" என்றார்.

கோட்டின் பொத்தான்களைக் கழற்றினேன். ஸ்வெட்டரைத் தலைவழியாக இழுக்கும்போது அது முகத்தில் சற்றுத் தங்கியது. தங்கவிட்டேன். பிறகு கொடுத்தேன்.

இந்தத் துணியை மட்டும் எர்மிலியோ அதட்டவில்லை. கல்லில் அடிக்கவும் இல்லை. சோப்பை உள்ளங்கையில் குழைத்துத் தடவி, ஓட்டத்தில் பிடித்து, வெறும் தண்ணீர் வரும்வரை அலசினார். முதலில் பழுப்பாக வந்தது. பிறகு சாம்பல் நிறம். பிறகு தெளிவு.

ஊறிய கம்பளி கனம். ஒருவர் பிழிய முடியாது. மற்ற ஆண்கள் மேலே புதர்களில் போர்வையை விரித்துக்கொண்டிருந்தார்கள். எர்மிலியோ ஸ்வெட்டரின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஐயோ, எர்மிலியோ!" என்று அத்தை எழுந்தாள். "பெத்த பொண்ணு தொடக் கூடாதே! கண்ணீர் விழுந்தா அண்ணனுக்கு வழியெல்லாம் வழுக்குமே!"

"மூஞ்சியத் தொடச்சுட்டு வா" என்றார் எர்மிலியோ என்னிடம்.

ஆற்றுக்கு நடுவில் நின்றபடி, ஸ்வெட்டரின் மற்றக் கையை என்னை நோக்கி நீட்டினார். அதிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.