அப்பா கொடுக்க முடியாத எக்ஸ்

அந்தப் பகுதியில் எந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். லிஃப்ட்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. கோபம் வந்தால் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள். ஐம்பத்தோரு வயது, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ் வாசனை. ஆளே ஏறாமல் நாலாவது மாடிக்குப் போய்க் கதவைத் திறந்துகொண்டு நிற்கிற லிஃப்டைப் பற்றிக் குடியிருப்பவர்கள் காதோடு காதாகப் பேசிக்கொள்வார்கள். அவர் போய்ப் பொத்தான் பலகையைக் கழற்றி, மாடி கழுவிய தண்ணீர் உள்ளே இறங்கியிருப்பதைக் காட்டிவிட்டு, இங்கே பேயும் இல்லை பிசாசும் இல்லை, மாப்பை நன்றாகப் பிழிந்தால் போதும் என்று சொல்லிவிட்டு வருவார்.

அம்மா இறந்தபோது நிரப்பிய படிவத்தில் ஒரு கட்டத்தில் பேனா நின்றுபோனது. இறந்தவரின் தாயார் பெயர். அவருக்குத் தெரியவில்லை, தங்கைக்கும் தெரியவில்லை. அப்பாவைக் கேட்டால், அவளுக்கு யாரும் கிடையாது, கோடு போட்டுவிடு என்றார். அப்பா அந்தக் காலத்தில் நெடுந்தூர லாரி ஓட்டியவர். அதிகம் பேசாதவர். கோடு போட்டாகிவிட்டது. ஆனால் அந்தக் கோடு லிஃப்ட்காரர் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. அம்மா எங்கிருந்தோ வந்திருக்க வேண்டுமே.

விடுமுறை நாட்களில் பதிவு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். அப்பா பக்கம் நாலு தலைமுறை கிடைத்தது. அம்மா பக்கம் அவளுடைய அப்பாவின் இறப்புச் சான்று ஒன்று, அம்மாவின் இறப்புச் சான்று ஒன்று, அவ்வளவுதான், அதற்குமேல் சுவர். கடைசியில் மனைவிதான் எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் டிஎன்ஏ பார்த்து உறவுக்காரர்களைக் காட்டும் ஒரு நிறுவனத்தைப் பற்றிச் சொன்னாள். துப்பி அனுப்பினார். ஆறு வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. தூரத்துச் சொந்தங்கள் நானூறு பேர். அவர்கள் எல்லாருக்கும் மேலே, ரத்தத்தில் கால் பங்கு ஒத்துப்போகிற ஒரே ஓர் ஆள்.

அந்த ஆள் ஒரு நில அளவையாளர். தன்னை அங்கே ‘சர்வேயர்’ என்று மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்தாறு. பிறந்த மறுநாளே ஒரு தம்பதி தத்தெடுத்துக்கொண்டதாகவும், பிறப்புச் சான்றில் அம்மா பெயரும் அப்பா பெயரும் இருக்கவேண்டிய இடத்தில் ‘தெரியாது’ என்று இருப்பதாகவும் எழுதினார். கால் பங்கு என்றால் சித்தப்பாவாகவோ மாமாவாகவோ இருக்கலாம். ஆனால் லிஃப்ட்காரரின் இரண்டு பக்கத்துத் தாத்தாக்களும் சர்வேயர் பிறப்பதற்குப் பல வருடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், சான்று கையில் இருக்கிறது. மிச்சம் ஒன்றுதான். பெற்றவர்களில் ஒருவர் பொது.

எந்த ஒருவர் என்று லிஃப்ட்காரர் யோசிக்கவே இல்லை. மாதத்தில் இருபது நாள் ரோட்டில் கிடந்த லாரி டிரைவர் ஒரு பக்கம். வீட்டில் தையல் மிஷினோடு முடங்கிக் கிடந்த அம்மா மறுபக்கம். இதில் கேள்வி என்ன இருக்கிறது? அப்பாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு மூன்று வருடம் முன்பு எங்கோ ஒரு பெண்ணை, வயிற்றில் பிள்ளையோடு, நட்டாற்றில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அம்மா கடைசிவரை ஏமாந்தே போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் அப்பா வீட்டுக்குப் போனார். இரண்டு அறை வீடு, தரைத்தளம். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். எங்கும் போகிறவர் இல்லை, ஆனாலும் வாரம் ஒருமுறை போடுவார். லிஃப்ட்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். அப்பா பிரஷ்ஷை நிறுத்தினார்.

"இப்ப என்ன வயசு அந்தப் புள்ளைக்கு?"

"அம்பத்தாறு."

"நல்லா இருக்கானா?"

"உங்களுக்கு என்ன வந்தது அதுல? உங்க புள்ளையா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

அப்பா செருப்பைக் கீழே வைத்தார். பிறகு, "ஆமா. என் புள்ளைதான். உங்கம்மாவுக்கு எதுவும் தெரியாது. அவள இதுல இழுக்காத" என்றார்.

லிஃப்ட்காரர் கதவைச் சாத்தாமலேயே வெளியே வந்தார்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் அவர் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. விஷயத்தைக் கேட்ட தங்கையும் போவதை நிறுத்திவிட்டாள். மருந்து மாத்திரையை மருமகள்தான் கொண்டுபோய்க் கொடுத்து வந்தாள். மாமா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, எல்லாரும் சௌக்கியமா என்று மட்டும் கேட்டார் என்பாள். அது அவருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. குற்றவாளிக்கு என்ன பெருந்தன்மை வேண்டிக்கிடக்கிறது?

ஆனால் அந்த ஏழு மாதமும் அவருக்கு எதுவோ சரியில்லை. லிஃப்ட் குழிக்குள் டார்ச்சோடு இறங்கி நிற்கும்போது, மேலே யாரோ குனிந்து பார்ப்பதுபோலப் பிடரி கூசும். நிமிர்ந்தால் கம்பிக் கயிறும் இருட்டும்தான். அம்மாவின் தையல் மிஷின் சத்தம், நாலு தையல் ஓடி, நின்று, மறுபடி நாலு தையல் ஓடுவது, காதுக்குள் கேட்கும். எந்தச் சத்தத்துக்கும் காரணம் கண்டுபிடிக்கிறவருக்கு இதற்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா என்னிடம் ஏதோ சொல்ல வருகிறாள் என்று ஒருநாள் மனைவியிடம் வாய்விட்டே சொல்லிவிட்டார். மனைவி சிரிக்கவில்லை.

சர்வேயரோடு எழுத்துப் போக்குவரத்து மட்டும் நடந்துகொண்டிருந்தது. அவர் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் அளந்து பார்க்கிற மனுஷன். அப்பா கிடைத்ததில் சந்தோஷம், ஆனால் தன் அம்மா யாரென்று அவர் சொல்வாரா என்று மூன்று தடவை கேட்டிருந்தார். லிஃப்ட்காரர் பதில் போடாமல் தட்டிக்கழித்தார். ஒருநாள் மத்தியானம், ஒரு கட்டிடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் பிரேக் கட்டையை மாற்றிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. சர்வேயர் ஒரு படம் அனுப்பியிருந்தார். நீளமான ஒரு பட்டை. அதில் பாதிக்கு மேல் நிறம் தீட்டியிருந்தது. கீழே இரண்டே வரி.

‘டிஎன்ஏ கணக்கில் எக்ஸ் பக்கம் தனியாக இருக்கிறது. நாம் அதைத் திறந்தே பார்க்கவில்லை. இது அப்பா வழியாக வர முடியாது, சார்.’

அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போன் போட்டார். சர்வேயர் நிதானமாகச் சொன்னார். பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. ஆணுக்கு ஒன்றே ஒன்று. மகனுக்கு அப்பா கொடுப்பது ஒய், அதனால்தான் அவன் ஆண். அவனிடம் இருக்கிற ஒற்றை எக்ஸ் முழுக்க முழுக்க அம்மா கொடுத்தது. ஓர் அப்பாவுக்கு இரண்டு தாரத்தில் இரண்டு மகன்கள் என்றால், அந்த அப்பா வழியில் அவர்களுக்கு எக்ஸில் ஒரு துளிகூட ஒத்துப்போக வழியில்லை. நமக்கோ பாதிக்கு மேல் ஒத்துப்போகிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "உங்கம்மா போட்டோ ஒண்ணு இருந்தா அனுப்புங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"அப்ப மாமா எதுக்கு ஆமான்னு சொன்னாரு?"

அன்று அவர் சாப்பிடவில்லை. நல்லா இருக்கானா என்று அப்பா கேட்டது நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. தன் பிள்ளையைக் கைவிட்டவன் கேட்கிற கேள்வியா அது? வேறு ஒருத்திக்காகக் கேட்டு வைத்த கேள்வி.

ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தப் படியேறினார். அப்பா வா என்றார், ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. லிஃப்ட்காரர் பட்டையைக் காட்டி, தனக்குப் புரிந்த மட்டும் விளக்கினார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மிஷின்ல தப்பு வராதா? நீயே எத்தன மிஷின்ல தப்பக் கண்டுபிடிச்சிருக்க."

"இதுல வராதுப்பா."

"நான் சொன்னது சொன்னதுதான். என் புள்ளைதான் அவன்."

எவ்வளவு கெஞ்சியும் மனுஷன் மசியவில்லை. செத்துப்போனவளுக்குக் கொடுத்த வாக்கு, அதைத் தாண்ட மாட்டேன் என்று சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். அதைக்கூடச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் திறந்த மகனைக் காபி குடித்துவிட்டுப் போ என்றார்.

சர்வேயர் அடுத்த மாதம் வந்தார். அப்பாதான் கூட்டிவரச் சொன்னார். என் பிள்ளை என்று ஒத்துக்கொண்டேன், வந்தால் பார்க்காமல் இருப்பேனா என்றார். காலை பத்து மணி. பேருந்து நிலையத்தில் இறங்கி நடந்து வந்த ஆளைத் தூரத்தில் பார்த்ததுமே லிஃப்ட்காரருக்கு அடையாளம் தெரிந்தது. இடது தோள் ஒரு பொட்டு இறங்கி, தலை கொஞ்சம் சாய்ந்து, யாருக்கோ காது கொடுப்பதுபோன்ற அந்த நடை. முன்பின் பார்த்திராத அந்த ஆணின் உடம்பில் இரண்டு வருடம் முன்பு அடக்கம் செய்த அம்மா தெருவில் நடந்து வந்தாள்.

வீட்டுக்குள் அப்பா புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். சர்வேயர் வாசலில் வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நின்று, வரலாமா ஐயா என்று கேட்பதற்காகத் தலையைச் சாய்த்தார். அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முகத்தில் இருந்த தசையெல்லாம் தளர்ந்துபோயிற்று.

"வந்துட்டியா" என்றார். "எங்க போயிருந்த இவ்வளவு நேரம்?"

யாரிடம் கேட்டார் என்பதில் அறையில் இருந்த யாருக்கும் சந்தேகமில்லை. ஒரு நிமிஷம் கழித்து அவருக்கே உறைத்தது. உட்கார்ந்தார். ஐம்பத்து மூன்று வருடமாகக் கட்டிக்காத்தது ஒரு தலைச்சாய்ப்பில் கைநழுவிப் போய்விட்டது.

பிறகு அவராகவே சொன்னார். கல்யாணம் ஆகாமல் பிள்ளை உண்டான பெண்களைக் கொண்டுவந்து விடுகிற விடுதி ஒன்று இருந்தது. நெடுந்தூரம் போக ஆரம்பிப்பதற்கு முன், உள்ளூரில் ஓட்டிய நாட்களில், வாரத்துக்கு ஒருமுறை அங்கே சலவை மூட்டை ஏற்றிப் போவது அவர் லாரிதான். பின்முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு பெண், பிள்ளை பெற்றுக் கொடுத்துவிட்டு மூன்று வருடமாகியும் போக இடமில்லாமல் அங்கேயே வேலைக்கு இருந்தவள். கட்டிக்கொள்கிறாயா என்று இவர் கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் லாரியில் ஏறினாள். பிள்ளையைக் கண்ணில் காட்டவில்லை, துணியை மறைத்துப் பிடித்துக்கொண்டார்கள், அழுகை மட்டும் கேட்டது, அது பையன் என்பது நர்ஸ் வாய் தவறிச் சொன்னதால் தெரிந்தது என்றாளாம். அவளை அந்த நிலைக்கு ஆளாக்கியவன் யாரென்று அவள் சொல்லவில்லை, இவர் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டது ஒருதடவைதான்.

"ஒரு தடவ சொன்னா போதாதா?" என்றார் அப்பா, மகனைப் பார்த்து.

சர்வேயர் அழவில்லை. அவள் கைப்பட்ட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அப்பா உள்ளே போய் ஒரு தலையணை உறையைக் கொண்டுவந்தார். சர்வேயர் அதன் ஓரத்துத் தையலை விரலால் நீவிக்கொண்டே, ஒவ்வொரு தையலாக எண்ணுகிறவர்போல உட்கார்ந்திருந்தார்.

அப்பா அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை சர்வேயர் வந்துவிடுவார். அவரிடம் அப்பா பேசிய பேச்சில் பத்தில் ஒரு பங்குகூடச் சொந்த மகனிடம் பேசியதில்லை. சர்வேயரை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்திருந்த லிஃப்ட்காரருக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு. வாய்விட்டுக் கேட்டாலும் அப்பா அந்த ஏழு மாதத்தைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டார். விடு என்பார். விட முடிந்ததா என்றால், இல்லை. அந்த வீட்டுக்குள் ஒருத்தர் தட்டும் சோறுமாகத் தனியே உட்கார்ந்திருந்த இருநூறு நாள், கணக்கிலிருந்து கழிக்க முடியாத இருநூறு நாள்.

அம்மாவும் போகவில்லை. இப்போதெல்லாம் பழைய ஞாபகங்களே புதிதாக வந்து பயமுறுத்துகின்றன. சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போது ஒரு கையில் இவரையும் மறு கையில் தங்கையையும் பிடித்துக்கொண்டு அம்மா நிற்பாள். வண்டி எல்லாம் நின்று வழி கிடைத்துவிடும். அப்போதும் இறங்க மாட்டாள். ஒருமுறை பின்னால் திரும்பி, இடுப்புயரத்தில், யாரோ வந்து சேரவேண்டியதுபோலப் பார்ப்பாள். பிறகுதான் காலை எடுத்து வைப்பாள். அதைப் பார்த்திருக்கிறீர்களா என்று அப்பாவிடம் கடைசி நாட்களில் கேட்டார்.

பார்த்திருக்கிறேன் என்றார் அப்பா. "யாரத் தேடுறன்னு ஒருநாள் கேட்டேன். யாரையும் இல்ல, பழகிப்போச்சுன்னு சொன்னா."