கணினி எடுத்துக் கொடுத்த எண்

மேற்பார்வை அக்காவின் ஹெட்செட்டில் ஒரு பக்கப் பஞ்சு பிய்ந்திருக்கும். அதை மாட்டிக்கொண்டு, ஹட்டன் டவுனில் கடை மாடியிலிருந்த எங்கள் அலுவலகத்தில், நாங்கள் பேசுவதை இடையிடையே கேட்பார். கேள்வியை வளைக்கிறோமா, பதிலை வாயில் திணிக்கிறோமா என்று பார்ப்பது அவர் வேலை.

தொலைபேசியில் மக்கள் கருத்தைக் கேட்பது எங்கள் வேலை. டிரெக்டரி எண்கள் கொஞ்சம். மீதியைக் கணினியே இலக்கங்களைக் கலைத்துப்போட்டு உண்டாக்கித் தரும். "புத்தகத்துல உள்ள நம்பர மட்டும் அடிச்சா கடையும் பங்களாவுந்தான் பேசும். தேயிலைத் தோட்டத்து ஆளுங்க இருக்குற லயம் எப்ப பேசுறது?" என்பார் அக்கா. வந்த எண்ணைத் தள்ளிவிட்டு வேறு எடுக்க விடமாட்டார். பதில் கிடைக்கும்வரை மறுபடி அடிக்கச் சொல்வார். கேட்டது அறையைத் தாண்டக் கூடாது என்பதிலும் அதே பிடிவாதம்.

ஒரு சாயங்காலம், வீடு பற்றிய கேள்விகள். கணினி தந்த எண்ணை அடித்தேன். வயதான ஒரு பெண்மணி எடுத்தார்.

"யாருங்க? போனுக்குப் போடுற ரீலோட நம்பர் மாத்திப் போட்டுட்டீங்களா?"

"இல்லங்கம்மா, உங்க கருத்து வேணும்."

"எங்கருத்தையா? எங்க வீட்டுக் கோழி கூட கேக்காது. கேளுங்க, கேளுங்க."

லயத்தை விட்டு வேறிடம் போக விருப்பமா என்றேன்.

"இல்லங்க. மக டவுனுக்கு வரச் சொல்றா. அவ மனசு நோகுமேன்னு சரின்னுட்டேன். பீலியில தண்ணி புடிக்கப் போனா இங்க நாலு பேரு பேசுவாங்க. அங்க கதவ சாத்திக்கிட்டு யாருகிட்ட பேசுறது?"

நிமிர்ந்தேன். அக்காவின் கை ஹெட்செட்டைக் கழற்றப் போய் அப்படியே நின்றிருந்தது. அழைப்பு முடிந்ததும், "எங்கம்மா" என்றார். மஸ்கெலியாவில் தனியாக இருக்கும் அம்மாவைக் கூட்டிவரத்தான் அவர் டவுனில் வீடு எடுத்திருந்தார். அடுத்த மாதம் குடிவருவதாகப் பேச்சு.

"நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னு அம்மாகிட்ட சொல்லிருங்களேன் அக்கா."

"எங்கிட்டயா சொன்னாங்க? ஒங்கிட்ட சொன்னாங்க. அது இந்த ரூமோட சரி."

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போய், "நெசமாவே வர விருப்பமாம்மா?" என்று புதிதாகக் கேட்டிருக்கிறார். "நீ சொன்னா சரி தாயி" என்றாராம் அம்மா. திங்கட்கிழமை வந்து, "பதில் சரியா விழலடி, மறுபடி அடிக்கணும்" என்று சிரித்தார். சிரிப்பில் தெம்பில்லை. குடிவருவதைத் தள்ளிவைத்துவிட்டு ஒவ்வொரு ஞாயிறும் போய்க் கேட்டார். பதிலை எடுத்துக் கொடுக்கவில்லை. கடைசியில் ஒருநாள் அம்மாவே சொன்னார்: "எனக்கு இங்கதான்டி."

இப்போதெல்லாம் தெரியாத எண் என்றால் ஆட்கள் எடுப்பதே குறைவு. அக்கா மட்டும் சனிக்கிழமைதோறும் மஸ்கெலியா பஸ்ஸில் ஏறிவிடுகிறார். போன திருவிழாவுக்கு என்னையும் கூட்டிப்போனார். அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"முன்ன யாரோ ஒரு புள்ள போன்ல கேட்டுச்சு. முகந்தெரியாத புள்ளகிட்ட ஒருக்கா சொல்லிப் பாத்தேன். பொறவுதான் இவகிட்ட சொல்ல வாய் வந்துச்சு."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்காமல் தேத்தண்ணியைக் குடித்தேன்.