மூன்று நிமிடத்தில் என்னைப் பற்றி

மகளிர் குழுவில் ஐந்து நாள் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். கடைசி நாளன்று ஒவ்வொருத்தியும் மேடையேறி ‘நான் யார்’ என்று மூன்று நிமிடம் பேச வேண்டுமாம். ரேஷன் கடை வரிசையில் நின்றால் மூன்று மணி நேரம் விடாமல் வாயடிக்கிறவள் நான். ஆனாலும் என்னைப் பற்றிப் பேசு என்றதும் எங்கே ஆரம்பிப்பதென்றே விளங்கவில்லை.

பத்தாவது படிக்கிற மகளைத்தான் எழுதித் தரச் சொன்னேன். பிறந்த ஊர் பெண்ணாடம், வாக்கப்பட்டது விருத்தாசலம், பதினெட்டு வருஷமாகச் செராமிக் கம்பெனியில் வேலை என்று கடகடவென எழுதிக்கொண்டு வந்தவள், பிள்ளைகள் என்கிற இடத்தில் பேனாவை நிறுத்தினாள்.

“அண்ணனையும் எழுதட்டுமாம்மா?”

அவளுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான். ஏழு வயசில், மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டான். அப்போது இவளுக்கு நாலு வயசு. அதிலிருந்து என் வீட்டுக்காரர் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் பேச்செடுத்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். அவர் தாங்க மாட்டார் என்று நானும் விட்டுவிட்டேன். போட்டோவைக்கூட பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மேடையில் அவனைச் சொன்னால் நான் அழுதுவிடுவேன், அது அவர் காதுக்கும் போகும். வேண்டாம், நீ மட்டும் போதும் என்றேன். ‘எனக்கு ஒரே மகள்’ என்று எழுதினாள். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

நாங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனிதான். அவர் சூளையில் அகல் விளக்குகளை ஏற்றுகிறவர். உள்ளே எத்தனை போனது என்று நோட்டில் எழுதுவது அவர் பொறுப்பு. வெந்து இறக்கியதும் விரிசலையும் கோணலையும் ஒதுக்கிவிட்டு, நல்லதை மட்டும் எண்ணி எழுதுவது என் பொறுப்பு. அவர் எண்ணிக்கையும் என் எண்ணிக்கையும் ஒருநாளும் ஒத்துப்போகாது. புருஷன் பொண்டாட்டிக்குள்ளேயே இந்த லட்சணமா என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் பண்ணுவார்கள்.

விளக்குகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே பேச்சை மனப்பாடம் செய்தேன். ‘ஒரே மகள்’ வரும்போதெல்லாம் தட்டுகிற கை நின்றுவிட்டது. நாலு நாளில் அதுவும் பழகிவிட்டது. பெற்றவளுக்கு அது எப்படிப் பழகும்? எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

பேச்சு நாளன்று அவரை வர வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன். நான் மைக் முன்னால் போய் நின்று வணக்கம் சொன்ன பிறகு பார்க்கிறேன், வேலை முடிந்த கையோடு, சட்டையெல்லாம் வெள்ளை மண்ணாக, கதவோரம் நிற்கிறார். குரல் நடுங்கினால் அவருக்கு விளங்கிவிடும் என்று அந்த இடத்தை மட்டும் சத்தமாகவே சொன்னேன். எனக்கு ஒரே மகள். கைதட்டினார்கள். எவர்சில்வர் தட்டு ஒன்று கொடுத்தார்கள்.

அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வீடு திரும்பும்போது ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். வண்டியை அணைத்துவிட்டு, முன்னால் பார்த்தபடியே, “நல்லாதான் பேசின,” என்றார். “ரெண்டுன்னு சொல்லியிருக்கலாம்.”

“நீங்க தாங்க மாட்டீங்கன்னுதாங்க சொல்லல.”

கூட்ஸ் வண்டி வந்து பாதி கடந்த பிறகு சொன்னார்.

“நீ வெளிய எறங்கினதத்தான் எண்ணுவ. நான் உள்ள ஏத்தினத எண்ணுறவன். டீக்கடையில, பஸ்ஸுல, யாரு கேட்டாலும் எனக்கு ரெண்டு புள்ளைங்கன்னுதான் சொல்லிட்டிருக்கேன். உன்கிட்டதான் சொல்ல முடியல. நீ மறந்துட்டு நிம்மதியா இருக்கன்னு நெனச்சேன்.”

கேட்டைத் தூக்கினார்கள். பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் வண்டியைக் கிளப்பவில்லை. நான் அந்த மண் படிந்த முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு பதினோரு வருஷத்து அழுகையையும் அழுதேன்.