எட்டு மார்க்

தச்சருக்குக் கோணலைக் கண்டால் ஆகாது. பக்கத்து வீட்டுக் கதவு நிலையில் உரசினாலும் உளியை எடுத்துக்கொண்டு போய் நிற்பார். "கூலி வேண்டாம், அந்தச் சத்தம் தாங்க முடியல" என்பார். முப்பது வருஷ மரவேலையில் அவர் செய்த நாற்காலி ஆடியதாக ஒருவரும் சொன்னதில்லை. இதை நல்ல குணம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவரும்தான்.

மகள் பத்தாம் வகுப்புக்கு வந்த ஆண்டு பரீட்சை முறை மாறியது. அதுவரை நூறு மார்க்கும் எழுதுவதற்குத்தான். இப்போது எழுத்துக்கு எழுபது. மீதி முப்பது, மாணவர் தன் கையால் செய்து காட்டும் மாதிரிக்கு. மனப்பாடத்தை ஒழிக்க வந்த திட்டம். எண்ணம் நல்லதுதான். பிள்ளைகளைப் பற்றி யோசித்த அளவுக்கு அதைத் தீட்டியவர்கள் பெற்றோரைப் பற்றி யோசிக்கவில்லை.

மகள் அறிவியலுக்கு ஐஸ் குச்சிகளை ஒட்டி ஒரு பாலம் கட்டினாள். மூன்று வாரம் ஆயிற்று. ஆறாவது புத்தகத்தை மேலே வைத்ததும் நடுவில் முறிந்தது. எந்தக் குச்சி முதலில் விலகியது, ஏன் விலகியது என்று நோட்டில் படம் போட்டு எழுதினாள். முறிந்த இடத்தை நூலால் கட்டி வைத்தாள்.

"என்ன பாப்பா, குடிச்சவன் மாதிரி நிக்குது?"

"அது அப்படித்தான்ப்பா. ஏன் உடைஞ்சதுன்னு சொன்னாத்தான் மார்க்."

"உடைஞ்ச சாமானுக்கு மார்க்கா? உங்க வாத்தியார் வீட்டுல உடைஞ்ச நாற்காலியிலதான் உக்காருவாரா?"

மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "அது அவ பரீட்சைங்க. நீங்க உங்க அலமாரியைப் பாருங்க."

அவர் பார்க்கவில்லை. செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் மகள் பள்ளிக்கூடம் போனதும் அந்தப் பாலத்தைப் பிய்த்துக் குப்பையில் போட்டார். தேக்குத் துண்டுகளை இழைத்து, ஒன்றில் துளையும் மற்றதில் அதற்குள் இறுக நுழையும் முனையான கழுந்தும் எடுத்து, ஆணியும் பசையும் இல்லாமல் ஒரு பாலம் பூட்டினார். அதன் மேல் தானே ஏறி நின்று பார்த்தார். அசையவில்லை.

சாயங்காலம் மகள் அழுதாள். மறுபடி கட்ட நேரமில்லை. மறுநாள் தன் நோட்டோடு தேக்குப் பாலத்தையும் தூக்கிக்கொண்டு போனாள். தேர்வாளர் கேட்டதற்கெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அறிவியலில் எழுத்துக்கு முப்பத்தொன்று, மாதிரிக்கு எட்டு. தேற முப்பத்தைந்து போதும். மற்ற பாடங்களில் நல்ல மார்க். அவள் ஆசைப்பட்ட ஆய்வுக்கூடப் படிப்பில் இடமும் கிடைத்தது. தச்சர் கண்ணில் பட்டது அந்த எட்டு மட்டும்தான்.

"முப்பதுக்கு எட்டா? எவன் போட்டான்?"

"விடுங்கப்பா. பாஸ் ஆயிட்டேன்ல. தயவுசெஞ்சு எங்கேயும் போய்க் கேக்காதீங்க."

கேட்கப் போனார். மகளுக்காகப் போவதாக அவர் உண்மையாகவே நம்பினார். தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நம்பிவிட்டவனை நிறுத்த யாராலும் முடியாது.

தேர்வு அலுவலகத்தில் மனுவை வாங்கிய அதிகாரியம்மா பாலத்தை வரவழைத்து மேஜைமேல் வைத்தார்.

"இதுல என்ன குறைன்னு சொல்லுங்கம்மா."

"குறை இல்லைங்க."

"இந்தக் கழுந்தைப் பாருங்க. முடி நுழையுமா? உளியை இப்படிச் சாய்ச்சுப் பிடிக்கணும். இதுக்குக் கை பழகவே பத்து வருஷம் ஆகும்."

"உங்க பொண்ணுக்கு என்ன வயசு?"

"பதினஞ்சு" என்று வாய் தன்னால் சொல்லிவிட்டது. அதன் பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அதிகாரியம்மா கோபப்படவில்லை. "அந்த எட்டு, நோட்டுக்குப் போட்டது. பாலத்துக்கு ஒண்ணும் போடலை. குழந்தை செஞ்சதில்லைன்னு தேர்வாளருக்கு அப்பவே தெரியும். பாவம்னு விட்டிருக்கார். நீங்க மனு குடுத்துட்டீங்க, இனி நான் விட முடியாது. நோட்டுல எழுதியிருக்கிற அந்த உடைஞ்ச பாலத்தையே கொண்டுவந்திருந்தா இருபத்தஞ்சு நிச்சயம். நோட்டு அவ்வளவு நல்லா இருக்கு."

மாதிரியைப் பிறர் செய்திருந்தால் தேர்வு முழுவதும் ரத்து. அடுத்த ஆண்டு எல்லாப் பாடமும் மறுபடி எழுத வேண்டும்.

"தப்பு என்னுதும்மா. தண்டனையை எனக்குக் குடுங்க."

"உங்களுக்குத் தேர்வு எண் இல்லைங்களே" என்றார் அதிகாரியம்மா. கேலியாகச் சொல்லவில்லை. படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது.

வீட்டில் மகள் படிப்பில் சேரச் சான்றிதழ் நகல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே சொல்லி முடித்தார். மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அப்போதும் அவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"ஆனா வேலையில குறை இல்லைன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "அப்போ உங்களுக்குப் பாஸ்தானேப்பா" என்றாள். நகல்களை உறையில் போட்டு மூடினாள்.

மறு ஆண்டு தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தாள். மாதிரியைத் தோழி வீட்டிலேயே வைத்துச் செய்தாள். என்ன செய்தாள் என்று தச்சருக்கு இன்றுவரை தெரியாது. முடிவு வந்த அன்று, எத்தனை மார்க் என்று கேட்டார்.

"பாஸ்" என்றாள். தாளைக் காட்டவில்லை.