ஒலிபெருக்கியில் வந்த பெயர்

மலாயாவில் அவசரகாலம். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாராவது அரிசி கடத்துகிறார்களா என்று ரந்தாவ் சாலையில் போலீஸ் எங்கள் பஸ்ஸைச் சோதிக்கிறது. இறங்கி நிற்கிறோம். எதிரே தேர்தல் லாரி.

"ரப்பர் விலையைக் கெடுப்பவன் யூதன்!" வேட்பாளர் தமிழில் முழங்குகிறார்.

எனக்கு இடிக்கிறது. பக்கத்தில் நிற்கும், ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் பெண்ணிடம் கேட்கிறேன்.

"யூதன யாராச்சும் பாத்திருக்கீங்களாக்கா?"

"எங்கங்க! போன வாரம் எங்க தோட்டத்துல இதே ஆளு, செட்டிதான் கெடுக்கிறான்னாரு. இங்க செட்டியாரு லாரிக்கு முன்னாலயே நிக்கிறாருல்ல, மாத்திட்டாரு."

"யூதன்னா பரவால்லையா?"

"பதில் சொல்ல இங்க ஒரு யூதனும் இல்லையே லா."

லாரி மலாய்க்காரர்களின் கிராமமான கம்பத்துப் பக்கம் திரும்புகிறது. ஒலிபெருக்கி மலாய்க்கு மாறுகிறது. போலீஸ்காரர் போகலாம் என்கிறார். யாரும் பஸ்ஸில் ஏறவில்லை. அங்கே யார் பெயர் வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறோம்.